காற்று திரும்பிய நேரம்

இன்று விடியற்காலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநில மலைச்சரிவு ஒன்றில், என்னை அழைத்துச் சென்ற முதிய வேட்டைக்காரர் கையிலிருந்த சிறு குப்பியை அழுத்தி, காற்றின் திசையை அறிய வெண்பொடியைக் காற்றில் விட்டார்.

பொடி பள்ளத்தாக்கை நோக்கி மெல்ல இறங்கியது.

சரிவில் வெயில் பட்டதும் மீண்டும் அழுத்தினார். அதே பொடி ஒரு கணம் அந்தரத்தில் தயங்கி நின்று, எங்கள் தோளைக் கடந்து மேலேறியது. ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே சீழ்க்கைபோல் குரலெழுப்பிக்கொண்டிருந்த ஆண் எல்க் மான் சட்டென்று அடங்கிவிட்டது. எங்கள் வாடை அதை எட்டிவிட்டது.

இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும், வெயில் ஏறினால் மேலெழும் என்பதைப் பணம் கட்டிச் சேர்ந்த இணைய வகுப்பில் நான் படித்திருக்கிறேன். ஆனால் அது திரும்பும் நொடி ஒவ்வொரு சரிவுக்கும், ஒவ்வொரு மேகத்துக்கும் வேறு.

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் கொலராடோவில் வேட்டை உரிமம் பெற, பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்ற விதி மிக அவசியமானது. துப்பாக்கியைக் கையாளும் முறையை யாரும் பட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. என் வருத்தமெல்லாம், எல்க் வேட்டையையே முழுதாகக் கற்றுத்தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் வகுப்புகளைப் பற்றியது. மானைப் போலக் குரலெழுப்ப அவை நன்றாகவே பழக்குகின்றன. எப்போது மௌனமாக இருக்க வேண்டும் என்பதை எனக்கு இந்தச் சரிவுதான் சொன்னது.

திரும்பும் வழியில் பெரியவர் சேற்றில் மண்டியிட்டு, குளம்புத் தடத்தின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். ஈரம் காயவில்லை. நாளை பக்கவாட்டில் சுற்றி, வெயில் படுமுன் மேலேறிவிடுவோம் என்றார்.