பார்க்கிங் இல்லை என்ற புகார்

கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் குடியேறும் தமிழருக்கு மீன் வாங்க நல்ல இடம் சீனர் கடைதான். அஜின்கோர்ட் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில், மீனை எப்படி வெட்டித் தர வேண்டும் என்று எண் போட்டுப் பலகை மாட்டியிருப்பார்கள். செதில் மட்டும் நீக்க ஓர் எண், தலையை எடுக்க வேறோர் எண், துண்டு போட இன்னொன்று. ஆங்கிலம் பேசத் தயங்கும் எங்கள் அம்மாமார் விரலைக் காட்டியே காரியத்தை முடித்துவிடுவார்கள். வெட்டுகிறவருக்கும் ஆங்கிலம் அவ்வளவுதான்.

இவ்வளவு சாதாரணமாகிவிட்ட கடைத்தெரு ஒரு காலத்தில் பெரும் சண்டைக்குக் காரணமாக இருந்தது. 1984இல் அதே அஜின்கோர்ட்டின் கிளென் வாட்ஃபோர்ட் வீதியில், முன்பு ஸ்கேட்டிங் அரங்காக இருந்த கட்டடத்தில் டிராகன் சென்டர் என்ற சீன வணிக வளாகம் திறந்தது. கூட்டம் அலைமோதியது. அக்கம்பக்கத்தார் பொதுக்கூட்டம் போட்டார்கள். வாய்விட்டுச் சொன்ன குறை போக்குவரத்து நெரிசலும் பார்க்கிங்கும். ஆனால் அதே நாட்களில் சீனரை இழிவுபடுத்தும் துண்டுப்பிரசுரங்களும் அங்கே கைமாறின. பார்க்கிங் பிரச்சினைக்கு எதற்குத் துண்டுப்பிரசுரம்? 1995இல் பக்கத்து மார்க்கம் நகரின் துணை மேயர் கரோல் பெல், சீனர் ஒரே இடத்தில் பெருகுவதால் பழைய குடிகள் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்ற பொருள்படப் பேசினார். சுற்றுவட்டார மேயர்கள் பலர் அதைக் கண்டித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அதே மார்க்கத்தில் பசிபிக் மால் என்ற பெரிய சீன வணிக வளாகம் எழுந்தது.

குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்தபோது இதன் வேர் கண்ணில் பட்டது. அரசு தரும் கையேட்டில் அதற்கு இரண்டொரு வரிதான். தேடிப் படித்தால் வயிறு எரிகிறது. 1881 முதல் 1885 வரை பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் ரயில் பாதை போட 15,000க்கும் மேற்பட்ட சீனரைக் கொண்டுவந்தார்கள். வெள்ளையர் கூலியில் பாதி அளவு, நாளுக்கு ஏறக்குறைய ஒரு டாலர், அவர்களுக்குக் கிடைத்தது. வெடி வைக்கும் வேலை அவர்கள் தலையில். பாதை முடிந்த அதே 1885இல் உள்ளே வரும் சீனருக்கு 50 டாலர் தலைவரி. 1900இல் அது 100, 1903இல் 500. குறைந்த கூலிக்கு வேலை செய்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. கூலியை நிர்ணயித்தவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

சரி, கூலி வேலையை விட்டுச் சலவைக்கடையும் உணவகமும் வைத்தார்களே, விட்டார்களா? 1912இல் சஸ்கச்சுவான் மாகாணம், சீனர் கடைகளில் வெள்ளைப் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் போட்டது. மூஸ் ஜோ நகரில் உணவகம் நடத்திய குவோங் விங் வழக்காடிப் பார்த்தார். 1914இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றுவிட்டது. 1923இல் சீனர் வருகையையே ஏறக்குறைய முழுதாக அடைத்தார்கள். 1947 வரை கதவு திறக்கவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 2006இல்.

இதைப் படிக்கும்போது, ஏஜென்சி மூலம் எனக்குக் கிடைத்த முதல் வேலை நினைவுக்கு வந்தது. பொதி கட்டும் தொழிற்சாலை. எனக்கு எதிரே நின்ற சீனப் பெண் பெட்டிக்கு நாடா ஒட்டும் வேகத்துக்கு என் கை ஈடுகொடுக்காது. அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மேற்பார்வையாளர் என்னிடம் சொல்வார்: "இவர்களுக்கு வீடு வாசல் கிடையாது, வேலை ஒன்றுதான்." அந்தப் பெண்ணுக்கு மேலதிக நேர வேலையை எழுதிக் கொடுத்தவரும் இதே மேற்பார்வையாளர்தான். ஒருநாள் அந்தப் பெண், மகளின் பள்ளி நிகழ்ச்சிக்குப் போக வேண்டும் என்று மேலதிக நேரத்தை மறுத்தார். "பணம் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது" என்றார் மனிதர்.

வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பனிக்கோட்டு போடப் பழகுவதோடு இந்தப் பேச்சையும் நம்மவர் பழகிக்கொள்கிறார்கள். எங்கள் தெரு அண்ணர் ஒருவர், "தம்பி, வீட்டு விலையை ஏற்றிவிட்டது சீனன்தான்" என்று சலிக்காமல் சொல்வார். அவருக்கு மார்க்கத்தில் இரண்டு வீடுகள்; இரண்டின் நிலவறையும் வாடகைக்கு. தலைவரிக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது வேறு தம்பி, இது வேறு."

ஒரு வீட்டை இப்போது விற்கப் போகிறார். சீனர் யாராவது வந்தால் நல்ல விலை தருவார்கள், முதலில் அவர்களுக்குக் காட்டுங்கள் என்று வீட்டு முகவரிடம் சொல்லிவைத்திருக்கிறார்.