ஆழியாற்றில் ஏறும் முன்: ஹிமாலயனுக்கு ஹேண்டில்பார் ரைசர்

பொள்ளாச்சியில் இருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது கை அவ்வளவாக வலிக்காது; இறங்கும்போதுதான் உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டுக்கு வரும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ல் உயரமானவர்கள் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்றால் ஹேண்டில்பாருக்காகக் குனிய வேண்டியிருக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஹேண்டில்பாருக்கு அடியில் வைத்து அதை உயர்த்தும் உலோகக் கட்டையான ரைசர் இதற்குத்தான்.

காசு செலவழிக்கும் முன் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்பின் போல்ட் நான்கையும் தளர்த்தி, ஹேண்டில்பாரை உங்கள் பக்கம் சற்றே திருப்பி ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும். போதாவிட்டால் ரைசர் வாங்கலாம். ஹேண்டில்பாரின் தடிமன் 22 மில்லிமீட்டரா 28-ஆ என்று கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் அளந்துவிட்டே கடைக்குப் போங்கள். உயரம் 30 மில்லிமீட்டருக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பழைய கேபிள்கள் எட்டாது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் சாய்ந்திருப்பதால் ரைசர் நேர்மேலே தூக்குவதில்லை. சாய்வு 25 டிகிரி என்றால், 30 மில்லிமீட்டர் ரைசர் ஹேண்டில்பாரை 27 மேலேயும் 13 பின்னாலும் கொண்டுவரும். தோளுக்கு இதம் தருவது பெரும்பாலும் அந்த 13 தான்.

டேங்க் மேல் கனமான துணி விரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஹேண்டில்பாரின் பழைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். ரைசரோடு வரும் நீள போல்ட்டைக் கவனிக்க வேண்டும். எம்8 (8 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட் அலுமினியத்துக்குள் குறைந்தது 12 மில்லிமீட்டராவது இறங்க வேண்டும். அளவுக்கு மீறி நீளமாக இருந்தாலும் ஆபத்து: நுனி துளையின் அடியில் முட்டி நின்றுவிடும், கைக்கு இறுகியது போலத் தெரியும், ஆனால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்காது. அதனால் முதலில் ரைசர் இல்லாமல் போல்ட்டை மட்டும் கையால் திருகி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பாருங்கள். மரையில் நீல லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். நான்கையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். எம்8-க்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். கிட்டோடு வேறு அளவு தந்திருந்தால் அதுதான் சரி.

இனிதான் முக்கியமான வேலை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கும்படி பின்பக்கத்தை ஒருவரை அழுத்தச் சொல்லுங்கள். ஃபோர்க் முழுக்க நீண்டிருக்கும்போதுதான் பிரேக் ஹோஸ் எவ்வளவு இழுபடுகிறது என்பது தெரியும். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. கொண்டை ஊசி வளைவில் ஹேண்டிலை ஒடிக்கும்போது வண்டி தானாக முன்னே பாயும் என்று அர்த்தம். இன்ஜின் அணைந்தால் ஸ்விட்ச் வயரில் இழுப்பு. கிளட்ச் லிவரில் 2, 3 மில்லிமீட்டர் ஆட்டம் எப்போதும் இருக்க வேண்டும். எது இழுபட்டாலும் ஹெட்லைட்டுக்குப் பின்னால் கேபிள்களைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் டையை வெட்டி, கேபிளைக் குறுக்கு வழியில் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் சரியாகாவிட்டால் உயரம் குறைந்த ரைசர் போடுங்கள். இழுபட்ட ஹோஸோடு மலை ஏறவே கூடாது.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். அந்தப் பகுதியில் வரையாடுகள் சாலைக்கே வந்து நிற்கும், சட்டென்று பிரேக் பிடிக்க வேண்டிவரும்.

புது போல்ட்கள் முதல் 100 கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். கோவையில் இருந்து வால்பாறை ஏறக்குறைய அந்தத் தூரம்தான். 6 மில்லிமீட்டர் ஆலன் கீயைப் பையில் வைத்திருங்கள். இறங்கத் தொடங்கும் முன் வால்பாறையிலேயே நான்கு போல்ட்டையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.