ஆங்கில ‘நீட்’: ஒரு சொல், இரண்டு வினை

மருத்துவ நுழைவுத் தேர்வைப் பற்றிய பதிவு இல்லை இது. ஆங்கில வினைச்சொல் ‘நீட்’ பற்றியது.

‘நீட் என்றால் தேவை’ என்று ஒரே வரியில் பாடம் முடிந்துவிடுகிறது. அந்தச் சொல்லுக்குள் இரண்டு வினைகள் குடியிருக்கின்றன, இரண்டுக்கும் இலக்கணம் வேறு என்பதை யாரும் சொல்வதில்லை.

ஒன்று, சாதாரண வினை. ‘ஷீ நீட்ஸ் எ பென்’, ‘ஷீ நீட்ஸ் டு கோ’. அவன், அவள், அது என்றால் ‘ஸ்’ சேரும். பின்னால் இன்னொரு வினை வந்தால் நடுவில் ‘டு’ வரும். கேள்விக்கும் எதிர்மறைக்கும் ‘டூ, டஸ், டிட்’ துணைக்கு வரும்: ‘ஷீ டஸிண்ட் நீட் டு கோ’. இறந்தகாலம் ‘நீடட்’.

மற்றொன்று, ‘கேன்’, ‘மஸ்ட்’ இனத்தைச் சேர்ந்த துணைவினை: ‘ஷீ நீட் நாட் கோ’. இதில் ‘ஸ்’ கிடையாது, ‘டு’ கிடையாது, ‘டஸ்’ கிடையாது. சாதாரண உடன்பாட்டு வாக்கியத்திலும் வராது. ‘ஷீ நீட் கோ’ என்று யாரும் எழுதுவதில்லை. எதிர்மறை, கேள்வி, அல்லது ‘ஒன்லி’, ‘ஹார்ட்லி’ போன்ற சொல் கூட இருக்க வேண்டும்: ‘யூ நீட் ஒன்லி ஆஸ்க்’. அமெரிக்கர் பேச்சில் இது அபூர்வம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இன்னும் புழங்குகிறது. நம் ஊர் அலுவலகக் கடிதங்களிலும் அப்படியே.

இரண்டையும் கலந்தால்தான் வம்பு. ‘ஹீ நீட்ஸ் நாட் கம்’, ‘ஹீ நீட் நாட் டு கம்’, ‘ஹீ டஸிண்ட் நீட் கம்’ மூன்றும் தவறு. ‘நீட்’டுக்குப் பின் இன்னொரு வினை வரும் எதிர்மறை வாக்கியத்தைச் சரிபார்க்க ‘டு’வைப் பாருங்கள். ‘டு’ இருந்தால் முன்னால் ‘டோண்ட்’, ‘டஸிண்ட்’ அல்லது ‘டிடிண்ட்’ இருக்க வேண்டும். ‘டு’ இல்லையென்றால் ‘நீட் நாட்’ மட்டும்தான்.

இதைவிட ஆபத்தான இடம் ‘மஸ்ட்’டின் எதிர்மறை. ‘யூ மஸ்ட் கோ’, ‘யூ ஹாவ் டு கோ’, ‘யூ நீட் டு கோ’ மூன்றும் உடன்பாட்டில் ஏறக்குறைய ஒன்றுதான்; மாற்றிப் போட்டாலும் குடி முழுகாது. ‘நாட்’ சேர்ந்ததும் பிரிந்துவிடும். ‘மஸ்ட் நாட்’ என்றால் போகக் கூடாது. ‘டோண்ட் ஹாவ் டு’, ‘நீட் நாட்’ என்றால் போகத் தேவையில்லை, போனாலும் தப்பில்லை. ஒரு மாத்திரையை ‘சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கத் தேவையில்லை’ என்று சொல்ல நினைத்து ‘மஸ்ட் நாட் பி டேக்கன் வித் ஃபுட்’ என்று எழுதினால், படிப்பவர் வெறும் வயிற்றில் விழுங்குவார்.

நமக்கு இங்கே தடுமாற்றம் வரக் காரணம் ‘வேண்டாம்’. ‘நாளைக்கு விடுமுறை, ஆபீஸுக்கு வர வேண்டாம்’ என்பது சலுகை. ‘நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்’ என்பது சீட்டைக் கிழிப்பது. தமிழில் சூழலே பொருளைத் தீர்த்துவிடும்; ஆங்கிலத்தில் வினையைத் தேர்ந்தாக வேண்டும். அதனால் ‘வேண்டாம்’ மனதில் எழுந்தால் முதலில் ‘கூடாது’ என்று மாற்றிப் பாருங்கள். பொருந்தினால் ‘மஸ்ட் நாட்’. ‘தேவையில்லை’தான் பொருந்துகிறது என்றால் ‘நீட் நாட்’ அல்லது ‘டோண்ட் நீட் டு’.

இறந்தகாலத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘யூ நீடிண்ட் ஹாவ் குக்ட்’ என்றால் சமைத்தாயிற்று, வீண் வேலை. சோறு பானையில் இருக்கிறது, எல்லோரும் வெளியே சாப்பிட்டு வந்துவிட்டார்கள். ‘யூ டிடிண்ட் நீட் டு குக்’ என்றால் சமைக்கும் அவசியம் இருக்கவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் சமைக்கவில்லை என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார், சமைத்திருந்தாலும் வாக்கியம் பொய்யாகாது. ‘மஸ்ட்’டுக்கு இந்த வசதியே இல்லை. ‘மஸ்ட் ஹாவ் கான்’ என்றால் ‘போயிருப்பார்’ என்ற ஊகம்; ‘போக வேண்டியிருந்தது’ என்பதற்கு ‘ஹாட் டு கோ’தான்.

‘தி ஷர்ட் நீட்ஸ் வாஷிங்’ என்பதில் சட்டை எதையும் துவைப்பதில்லை. அதைத்தான் துவைக்க வேண்டும். ‘நீட்ஸ் டு பி வாஷ்ட்’ என்பதும் அதே பொருள். இரண்டையும் கலந்து ‘நீட்ஸ் டு வாஷ்’ என்றால் சட்டை சோப்பைக் கையில் எடுத்துவிடும். ஸ்காட்லாந்திலும், அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்திலும் ‘நீட்ஸ் வாஷ்ட்’ என்று சொல்வதைக் கேட்கலாம். அது அந்த வட்டாரத்து வழக்கு, பிழையில்லை. ஆனால் தேர்வுத்தாளில் மதிப்பெண் போய்விடும்.

‘ஐ ஆம் நீடிங்’ வேண்டவே வேண்டாம், ‘ஐ நீட்’ போதும். விடுப்புக் கடிதத்தில் அதுவும் கொஞ்சம் உறுத்தும். தமிழில் ‘விடுப்பு வேண்டும்’ என்பதற்குள் ‘வேண்டுகிறேன்’ என்ற பணிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ஐ நீட் டூ டேஸ் லீவ்’ என்பதில் அது ஏறாது, கறாராக ஒலிக்கும். ‘குட் ஐ டேக் டூ டேஸ் லீவ்?’ என்று கேட்டால் மேலாளர் முகம் சுளிக்க மாட்டார்.