ஆர்விக்கு ஒரு மின்தடை அறிவிப்பு

நேற்று ராத்திரி எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு மின்தடை அறிவிப்பு ஏறியது. காலை 6 முதல் 7 வரை ஏசி கிடையாது. 7 முதல் 7.20 வரை கெட்டில் மட்டும். ஹேர் டிரையர் தேவைப்படுவோர் முன்கூட்டியே தகவல் தர வேண்டும். கீழே தேதி போட்டு அப்பாவின் கையெழுத்து. நாங்கள் இருக்கும் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கரண்டுக்கு ஒரு குறையும் இல்லை, நாங்கள் ஜூலை கடைசியில் ஆர்வி, அதாவது படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி, ஒன்றை எடுத்துக்கொண்டு இட்டாஸ்கா ஸ்டேட் பார்க் போகிறோம், அவ்வளவுதான்.

அங்கே வண்டியை நிறுத்தித் தங்க இடம் கிடைத்ததே தனிக்கதை. 120 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்குப் பதிவைத் திறப்பார்கள். வெளியே மார்ச் மாதப் பனி கொட்டிக்கிடக்க, நான், வீட்டம்மா, மூத்தவள் மூன்று பேரும் ஆளுக்கொரு லேப்டாப்போடு தத்கால் எடுக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஏரிப்பக்கம் கரண்டு வசதியுள்ள இடம் மூத்தவள் விரலுக்குத்தான் சிக்கியது. வீடியோ காலில் பெருமையாகச் சொன்னால், "நம்ம ரயில்வேயிலயே 120 நாளை 60 ஆக்கிட்டான், அங்க இன்னும் 120தானா?" என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது.

மே மாதம் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து இறங்கியதும் அம்மாவுக்குத் திட்டத்தை விளக்க வேண்டியிருந்தது. காடு, ஏரி, கரடிகூட இருக்கும் என்று சொன்னதை எல்லாம் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். விறகு விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். வீட்டிலிருந்து விறகு எடுத்துப் போகக் கூடாது, ஆஷ் மரத்தைத் துளைக்கிற ஒரு பச்சை வண்டு விறகோடு பரவுகிறது. பார்க்கில் கிடக்கிற சுள்ளியையும் பொறுக்கக் கூடாது. "அப்ப காட்டுக்குள்ள போயி விறகைக் காசு குடுத்து வாங்கணும்?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்து கழிவுத் தொட்டி. ஆர்வியில் கழிவறைக்குத் தனித் தொட்டி, கிளம்பும்போது நாமே குழாய் மாட்டிக் காலி செய்ய வேண்டும். "வாடகையும் குடுத்து, அதையும் நீயே அள்ளணும். உன்னை இஞ்சினியருக்குப் படிக்க வச்சது இதுக்குத்தானா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றுவரை.

சின்னவன் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மிசிசிப்பியை எடுத்துவிட்டான். அந்த நதியே இட்டாஸ்கா ஏரியிலிருந்துதான் கிளம்புகிறது, அந்த இடத்தில் கல் மேல் கால் வைத்துத் தாண்டிவிடலாம் பாட்டி, அங்கிருந்து கடலுக்கு 2,552 மைல் என்று ஒப்பித்தான். 1832ல் ஓசாவிண்டிப் என்ற ஒஜிப்வே பூர்வகுடித் தலைவர் அழைத்துப்போய்க் காட்டினாராம், கண்டுபிடித்த பெயர் மட்டும் கூடப்போன ஸ்கூல்கிராஃப்ட் என்ற வெள்ளைக்காரருக்கு. இந்தக் கதை எந்த ஊரானாலும் ஒன்றுதான். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "கடல் மட்டத்திலேர்ந்து எவ்வளவு உயரம்?" என்றார். 1,475 அடி. "இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவுதான் இறக்கமா? இதுல என்ன கரண்டு எடுப்பான்?" என்று மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். மின்வாரியத்தில் பாதி சர்வீஸ் மேட்டூரில் போட்டவர், அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்.

வந்ததிலிருந்து அவர் இப்படித்தான் இருந்தார். இங்கே அவருக்கு வேலையே இல்லை. பால் வாங்கப் போக முடியாது, காய்க்காரரிடம் பேரம் பேச முடியாது, ஜன்னலோரம் உட்கார்ந்து யார் வீட்டில் குப்பைத் தொட்டி இன்னும் வெளியே நிற்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மா சாமான் பட்டியலை வாசிக்கும்வரைதான் அதெல்லாம். ஆர்வியில் காஸ் அடுப்பு இருக்கிறது, ஆனால் அதில் தாளித்தால் தலைக்கு மேலே அலாரம் கத்தும், தாளிப்பு வெளியே மேசையில் இண்டக்‌ஷனில்தான் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, "சாங்ஷன் லோடு எவ்வளவு?" என்று ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல். வண்டிக்கு ஒரே நேரத்தில் எவ்வளவு கரண்டு இழுக்க அனுமதி என்று கேட்கிறார். 30 ஆம்ஸ், 120 வோல்ட் என்றேன். பேப்பர் மடிந்தது. கண்ணாடி வந்தது. என் மகளின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் கிழிந்தது.

3,600 வாட். அதிலும் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இழுக்கக் கூடாது, ஆக 2,880. ஏசி 1,500, கெட்டில் 1,500, இண்டக்‌ஷன் 1,800, ஹேர் டிரையர் 1,875. "இந்த டிரையருக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மரே போடலாம்மா," என்று வீட்டம்மாவைப் பார்த்தார். அம்மாவின் குட்டி கிரைண்டர் வெறும் 150 வாட் என்பதால் உடனே அனுமதி, அம்மா முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களை. ராத்திரி 10 மணிவரை நடந்த ஆலோசனையின் முடிவில்தான் அந்த அறிவிப்பு ஃப்ரிட்ஜுக்குப் போனது.

எல்லோரும் படுத்த பிறகு நான் வாடகைக் கம்பெனி பக்கத்தைத் துழாவினேன். கொஞ்சம் கூடக் கொடுத்தால் 50 ஆம்ஸ் உள்ள பெரிய வண்டி கிடைக்கிறது. இரண்டு லைன், மொத்தம் 12,000 வாட், ஏசியே இரண்டு. யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீட்டம்மாவை எழுப்பிக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

"மாமாகிட்ட மூச்சு விடாதீங்க."

"உன் டிரையர்?"

"நான் லெட்டர் எழுதிக் குடுத்துக்கறேன்."

காலையில் நிஜமாகவே எழுதிக் கொடுத்தாள். ஏசி நிறுத்தும் நேரத்தில், கெட்டிலுக்கு முன்பாக, பத்து நிமிடம் மட்டும் என்று ஓரத்தில் குறித்து அப்பா ஒப்புதல் கொடுத்தார். என் காபி மட்டும் 7 மணிக்கு முன்னால் முடியவே முடியாதாம், சொந்தப் பிள்ளை என்று சலுகை காட்டினால் மற்ற நுகர்வோர் கேள்வி கேட்பார்களாம். இப்போது கடைக்குக் கிளம்பச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருக்கிறார், கம்பியைக் கவ்விக் கரண்டை அளக்க அவருக்கு ஒரு டாங் டெஸ்டர் வேண்டுமாம்.