சுவான்சோவில் ஒரு சனிப் பிரதோஷம்

அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்த அன்று அம்மா வேண்டிக்கொண்டது பதினொரு பிரதோஷம். குடும்பத்தோடு எங்கள் ஊர் திருவானைக்கா கோயிலுக்குப் போய் நந்திக்குப் பால் கொடுப்பது. ஒன்பது முடிந்திருந்தது. பத்தாவது வந்தபோது நான் சீனாவில், சியாமெனில், ஒரு பருவம் கணிதம் சொல்லிக்கொடுக்க வந்த வருகை ஆசிரியை. "பக்கத்து ஊரில் நம் சிவன் இருந்தாராமே, அவரைப் பார்த்துவிட்டு வா. கணக்கில் சேர்ந்துவிடும்" என்றாள் அம்மா. கணக்கு ஆசிரியைக்கு அவள் போட்டுக் கொடுத்த கணக்கு. சனிக்கிழமை விடுமுறை, பிரதோஷமும் சனிக்கிழமை. அவன் கூப்பிடாமல் இப்படியெல்லாம் அமையாது.

சுவான்சோவுக்கு அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். அதற்குப் பிறகுதான் பாடு. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர் என்பதால் மேற்குத் தெருவில் கால் வைக்க இடமில்லை. கொண்டையைச் சுற்றிப் பூ வைத்துப் படம் எடுத்துக்கொள்வது இங்கே பெரிய மோகம். கடைக்குக் கடை ஒரு பெண் கையைப் பிடித்து இழுக்கிறாள். பூ வைத்துவிடக் காசா என்று எனக்கு எரிச்சல். நான் வைத்திருந்த ஒற்றை ரோஜாவைப் பார்த்து ஒருத்தி உதட்டைப் பிதுக்கியதை இன்னும் மன்னிக்கவில்லை. விரதம் வேறு. காலையிலிருந்து ஒரு வாழைப்பழம்.

கையுவான் கோயில் 686இல் எழுந்தது. மூன்று ஊதுபத்தி ஏற்றி, முன்னால் புத்தரை வணங்கிவிட்டு மண்டபத்தின் பின்புறம் போனேன். அங்கே இரண்டு பதினாறு பட்டைத் தூண்கள். இடிந்துபோன நம் கோயிலொன்றிலிருந்து எடுத்து, மிங் அரச வம்ச காலத் திருப்பணியில் இங்கே நிறுத்தியவை. வட்டத்துக்குள் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். இன்னொரு வட்டத்தில் உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மரங்களுக்கு நடுவே கண்ணன். முன்னால் அத்தனை கூட்டம், பின்னால் நானும் பெருமாளும் மட்டும். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் அம்மா சொன்னது சிவனை.

கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியில் டாக்ஸி ஓட்டுநர் ஒரு மரத்தைக் காட்டி, ஊரின் பழைய பெயரே இந்த மரத்தால் வந்தது என்றார். மார்க்கோ போலோ எழுதிய 'சைத்தூன்' இதுதானாம். இறங்கிப் பார்த்தால் முள்முருங்கை! சளி பிடித்தால் அம்மா அடை தட்டும் அதே இலை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அருங்காட்சியகத்தில் அந்தக் கல் முன் வந்து நின்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. மரத்தடியில் லிங்கம். எதிரே யானை. துதிக்கையை நீட்டிப் பூச்சாற்றுகிறது. அவ்வளவுதான். கல்லில் யானையின் கால் மடிப்பு கூடத் தெரிகிறது. நான் பிறந்து வளர்ந்த தெருக்கோடியில் நிற்கும் கதை இது. வெண்நாவல் மரத்தடி, நீரில் நனைந்த அப்பன், தினமும் பூ கொண்டுவரும் யானை. அதைச் செதுக்கியவன் எங்கள் பக்கத்துக்காரனா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை; ஆனைக்காவை நினைக்காமல் அந்தக் கையால் செதுக்கியிருக்க முடியாது. எப்போது காலணியைக் கழற்றினேன் என்றே நினைவில்லை. காவலர் வந்து காலைக் காட்டி அதட்டினார். போட்டுக்கொண்டேன். அவர் திரும்பியதும் மறுபடியும் கழற்றினேன்.

1281 சித்திரையில் சம்பந்தப் பெருமாள் என்பவர் இந்த ஊரில் சிவனை எழுந்தருளச் செய்ததாகத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. எதற்காக? செகசை கானின் திருமேனிக்கு நன்றாக. அந்தக் கான் சீனத்தை ஆண்ட குப்லாய் என்பார்கள். பேரரசனோ, ரயில்வேயில் ஓய்வு பெற்ற எங்கள் அப்பாவோ, உடம்புக்கு வந்தால் போய் நிற்கும் இடம் ஒன்றுதான். அம்மா மடித்துக் கொடுத்த திருநீற்றை அங்கேயே இட்டுக்கொண்டேன்.

ஊரில் பிரதோஷ வேளை நாலரை என்றால் இங்கே ஏழு. அதுவரை எங்கே போவது? சேடியன் கிராமத்தில் ஒரு சின்னச் சன்னிதி இருக்கிறது. நான்கு கையோடு அமர்ந்த நம் அம்மன் சிற்பம். அவர்களுக்கு அவள் குவான்யின், பௌத்தர்களின் கருணைத் தெய்வம். வழி கேட்டுக் கேட்டு, இரண்டு முறை தவறான சந்தில் இறங்கிப் போய்ச் சேர்ந்தேன். ஒரு பாட்டி ஊதுபத்தியை நீட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார். காலையில் பட்ட எரிச்சலுக்கு மருந்து. அம்மா சொல்லிக்கொடுத்த பதிகத்தை மெல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது பாட்டில் தொண்டை அடைத்தது. அகிலாண்டேசுவரி, நீ இங்கே இந்தப் பெயரோடு காத்திருந்தாயா தாயே!

ஏழு மணிக்கு ஊருக்குப் போன் செய்தேன். நந்திக்கு அபிஷேகம் நடக்கிற மணிச்சத்தத்தில் அம்மா கத்த வேண்டியிருந்தது.

"யானை இருந்ததா?"

"இருந்ததம்மா. பூவோடு இருந்தது."

"இங்கே உன் பங்குப் பாலையும் நானே கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் பேசு... இரு, அவர் இல்லை. பிராகாரம் சுற்றப் போயிருக்கிறார். யார் கையையும் பிடிக்காமல்."