சின்னதுரை பங்களாவின் தண்ணீர்க் கணக்கு

இலங்கையில் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், முன்பு சின்னதுரை (தோட்டத்து உதவி மேலாளர்) குடியிருந்த பங்களா இப்போது ஆறு அறை கொண்ட சொகுசு விடுதி. 2018இலிருந்து அதை நடத்துவது என் வேலை. சூழலுக்குக் கேடில்லாத விடுதி என்றுதான் விளம்பரம். ஓர் இரவு வாடகை, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆன பிறகும் கணக்கு அப்படித்தான் வருகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறகு சொல்லப்போவதெல்லாம் நடிப்பு மாதிரி ஆகிவிடும்.

வேலை கிடைத்ததைச் சொல்ல வீட்டுக்குப் போனபோது அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். "கொழும்புல அவ்வளவு பெரிய ஹோட்டல விட்டுட்டு பங்களா வேலைக்கா போற, புள்ள?" என்றார். மேனேஜர் வேலை என்று விளக்கினேன். "பேரு என்னவா இருந்தா என்ன, பங்களா பங்களாதானே."

அவர் கோபத்துக்குக் காரணம் தாத்தா. பக்கத்துத் தோட்டத்துப் பெரியதுரை பங்களாவில் வெந்நீர் போடுகிற ஆள் அவர். விடியக்காலை நான்கு மணிக்கே போய், குசினிக்குப் பின்னால் இருந்த இரும்புப் பீப்பாய்க்கு அடியில் விறகு வைத்து ஊதவேண்டும். துரை குளித்துவிட்டுப் பெரட்டுக்கு, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு, கிளம்பும் வரைக்கும் சூடு இறங்கக்கூடாது. முப்பது வருடம் அந்தப் பங்களாவுக்கு வெந்நீர் போட்டவர், ஒரு நாளும் அதில் குளித்ததில்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு வந்து, ஓடையிலிருந்து குழாய் வழியே விழும் பீலித் தண்ணீரில்தான் குளிப்பார், மார்கழியிலும்.

அம்மாவுக்கு மட்டும் இருந்த எண்ணமில்லை இது. முதல் வருடம் லயத்திலிருந்து இரண்டே பேர்தான் வேலைக்கு வந்தார்கள். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. அப்புறம் சீருடைப் பிரச்சினை. கட்டடக் கலைஞர் பழைய படங்களையெல்லாம் பார்த்து, வெள்ளைச் சாரம், பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட் என்று வரைந்து வைத்திருந்தார். அச்சு அசலாகப் பழைய பங்களா வேலைக்காரரான அப்புவின் உடுப்பு. அதை இங்கே ஒருவரும் போடமாட்டார்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். ஏன் என்று உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் எடுத்தது. கடைசியில் சாதாரணக் காற்சட்டையும் பச்சை ஸ்வெட்டரும். அதற்குப் பிறகுதான் ஆள் வரத்தொடங்கியது.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

பங்களாவுக்கு மேலே சின்னதாகக் காடு ஒன்று மிச்சம் இருக்கிறது. அதற்குள்ளிருந்து ஓடை ஒன்று வருகிறது. பாதி வழியில் சீமெந்துத் தொட்டி கட்டிக் குழாய் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் முதலில் பங்களாவுக்கு, மிச்சம் கீழே லயத்துப் பீலிக்கு. இது வெள்ளைக்காரன் காலத்து ஒழுங்கு. விடுதியாக்கியபோது துருப்பிடித்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போட்டார்கள். ஒழுங்கில் யாரும் கைவைக்கவில்லை. அது ஒரு ஒழுங்கு என்றே யாருக்கும் தோன்றியிருக்காது.

ஊவா என்ற எங்கள் மாகாணத்துப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு ஆடி, ஆவணி எப்படி இருக்கும் என்று தெரியும். மே மாதம் தொடங்கும் தென்மேற்கு மழை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, மலை முதுகைத் தாண்டும்போது வெறும் காற்றாகத்தான் எங்களிடம் வரும். கச்சான் என்கிறோம். அந்தக் காய்ந்த காற்றில்தான் கொழுந்து சுருங்கி வாசம் ஏறுகிறது. ஊவாத் தேயிலைக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும் காலம் அது. ஐரோப்பாவில் பள்ளி விடுமுறையும் அதே யூலை, ஆகஸ்ட். ஆக, எங்கள் ஆறு அறையும் நிரம்பி வழிவதும் ஓடை நூலாக இளைப்பதும் ஒரே சமயத்தில்.

முதலாளி கொழும்பிலிருந்து லொறியில் ஆறு பாத்டப் கொண்டுவந்து இறக்கினார். யன்னலோரமாக வைத்து, படுத்தபடியே தேயிலை மலையைப் பார்க்கலாம். ஒன்று நிரம்ப 200 லீட்டர். படத்தில் பார்க்க மிக அழகு, அதை மறுக்கமாட்டேன்.

முதல் ஆகஸ்டில் ஒரு நாள் மத்தியானம் சித்தி குசினி வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "பீலியில குடம் நெறைய ஒரு பாட்டுப் படிச்சி முடிக்கலாம் போல இருக்கு. என்னான்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை வாளியோடு நானே போய் அளந்தேன். 20 லீட்டர் வாளி நிறையக் கிட்டத்தட்ட நான்கு நிமிடம். அதே வாளி தை மாதம் பதினைந்து விநாடியில் நிறைந்தது. அதையும் பிறகு அளந்து பார்த்தேன். நான்கு நிமிடத்துக்கு ஒரு வாளி என்றால் இரவும் பகலும் விடாமல் பிடித்தாலும் நாளுக்கு 7,200 லீட்டர். அது லயத்தில் இருபத்துநான்கு காம்பராவுக்கு, அதாவது வீட்டுக்கு. மேலே ஆறு அறைக்கும் குசினிக்கும் சலவைக்குமாக நாங்கள் எடுத்தது 5,000 லீட்டர்.

ஹோட்டல் பள்ளியில் அறை வாடகையைக் கணக்குப் போடச் சொல்லித்தந்தார்கள். இந்தக் கணக்கைச் சொல்லித்தரவில்லை.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எண்களைக் காட்டியதும் முகம் மாறிவிட்டது. "மிஸ், அப்போ குழாய்க் கிணறு அடிப்போமா?" என்றார். அதே மலையின் வயிற்றிலிருந்துதானே, சேர், அதுவும் வரப்போகிறது? அதோடு, பண்டாரவளைப் பக்கம் உமா ஓயா நீர்த்திட்டத்துக்குச் சுரங்கம் குடைந்தபோது கிணறுகள் வற்றியதைப் பார்த்த சனம் இது. தோண்டும் இயந்திரம் ஒன்று ரோட்டில் ஏறினாலே கூட்டம் கூடிவிடும்.

கடைசியில் பழைய டென்னிஸ் மைதானத்தைத் தோண்டி, 60,000 லீட்டர் கொள்ளும் மழைநீர்த் தாங்கி கட்டினோம். ஐப்பசி, கார்த்திகை மழை கூரையிலிருந்து நேரே அதற்குள் போகிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். நாளுக்கு 5,000 என்றால் பன்னிரண்டு நாள், அவ்வளவுதான். கச்சான் இரண்டு மாதத்துக்கு மேல் அடிக்கும். அதனால் செலவையும் குறைக்கவேண்டியிருந்தது. படுக்கை விரிப்பை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுவது என்றானது. விருந்தினர் கோபிப்பார்கள் என்று முதலாளி பயந்தார். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. சலவைத் தண்ணீர் மணலும் சரளையும் கல்வாழையும் போட்ட பாத்தி வழியாக வடிந்து வாழைக்குப் போகிறது. ஆறு பாத்டப்பில் நான்கைக் கழற்றினோம். சீமெந்துத் தொட்டியில் பிரிப்பு வைத்து, யூன் முதல் செப்டெம்பர் வரை பீலிக்கு முதல் தண்ணீர், எங்களுக்கு மிச்சம் என்று மாற்றினோம். இந்தக் கடைசி மாற்றத்துக்குச் செலவு அரை மூடை சீமெந்தும் ஒரு வால்வும். மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அதிக நாள் வாதாடவேண்டியிருந்தது.

நீச்சல் குளம் வராமல் போனது என் சாமர்த்தியத்தால் இல்லை. பங்களாவுக்குக் கீழே சரிவில், தண்ணீர் அந்தரத்தில் நிற்பதுபோல ஒரு குளம் வரைந்து வைத்திருந்தார்கள். இடம் பார்க்க வந்தபோது, தோட்டத்தில் நாற்பது வருடம் கான் என்ற வடிகால் வெட்டிய மாமா ஒருவரையும் கூட்டிப்போனேன். அவர் மரங்களைக் காட்டினார். அடியில் வளைந்து அப்புறம் நேராக ஏறிய மரங்கள். "மண்ணு மெதுவா நகருது. மரம் நிமிரப் பாக்குது" என்றார். குறுக்குக் கான்கள் பாதி தூர்ந்துபோய் மழைத் தண்ணீர் மண்ணுக்குள்ளேயே இறங்குவதையும் காட்டினார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தவர்களும் ஏறக்குறைய அதையேதான் எழுதித்தந்தார்கள், நிறைய வரைபடங்களோடு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நினைவுபடுத்த யாருக்கும் தேவை இருக்கவில்லை. எங்களிடமிருந்து அது தூரமில்லை. குளத்துக்கு ஒதுக்கிய காசில் கொஞ்சத்தைக் கான் துப்புரவாக்கக் கேட்டு வாங்கினேன். விருந்தினர் யாருக்கும் கான் கண்ணில் படாது, அதனால் அது விளம்பரத்தில் இல்லை.

சூரிய வெந்நீர்ப் பெட்டி பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கச்சான் காலத்தில் கொதிக்கக் கொதிக்கத் தரும், மார்கழிப் பனிமூட்டத்தில் கையை விரிக்கும். அப்போது விறகுதான். விறகு போடும் தம்பி காலை ஆறு மணிக்கு வந்தால் போதும் என்று வைத்திருக்கிறேன். அதற்கு முன் வெந்நீர் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லவேண்டும். அவனுடைய கடைசி வேலை, மீதிச் சூட்டில் தானும் மற்ற வேலையாட்களும் குளிப்பது. இதை யாரிடமும் அனுமதி கேட்டு நான் செய்யவில்லை.

'ஓகானிக்', அதாவது இரசாயன உரம் போடாதது, என்ற சொல்லோடும் ஒரு வருடம் மல்லுக்கட்டினேன். 2021இல் அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியது. அது நீங்கியது நவம்பரில், அதற்குள் போகம் போய்விட்டது. வெளிமடையிலிருந்து உருளைக்கிழங்கும் கரட்டும் கொண்டுவரும் அண்ணன் ஒருவர், எங்கள் மெனு அட்டையில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டார். "தங்கச்சி, இத மட்டும் எங்கண்ணுல காட்டாத" என்றார். அவருடைய கிழங்கு பாதி அளவுகூட விளைந்திருக்கவில்லை. அடுத்த அச்சில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வெளிமடை உருளைக்கிழங்கு என்று மட்டும் போட்டேன். ஒரு விருந்தினர் அது ஓகானிக்கா என்று கேட்டார். விளைவித்தவரின் கதையைச் சொன்னேன். அரை மணிநேரம் ஆனது, சூப் ஆறிப்போனது.

அடுத்த வருடம் பொருளாதார நெருக்கடியில் நாடே இருண்டது. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம்கூடக் கரன்ட் இல்லை. காஸ் சிலிண்டரைக் கண்ணால் காண முடியவில்லை. லயத்துப் பெண்கள் கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு என்ற தேயிலைச் சுள்ளி பொறுக்கிக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனார்கள், எங்கள் சமையல்காரரும் போய்ப் பொறுக்கினார். குசினியில் பழைய அடுப்பைச் சாணி மெழுகித் திரும்பவும் பற்றவைத்தோம். டீசல் இல்லை, ஜெனரேட்டர் ஓடவில்லை, சலவை இயந்திரம் ஓடவில்லை. எங்கள் விடுதி மிகச் சுத்தமாக, ஒரு துளி வீணாக்காமல் நடந்த மாதங்கள் அவைதான். விருந்தினர் எவரும் இல்லை. பாதிச் சம்பளத்தில் இருந்தோம். இப்போது வருபவர்களிடம் அந்த விறகடுப்பைக் காட்டினால் ஆசையாகப் படம் எடுக்கிறார்கள். விமானத்தில் பத்து மணிநேரம் பறந்து வந்து எங்கள் புகையைப் புகழ்கிறார்கள் என்று சமையல்காரர் சிரிப்பார். நானும் சிரிப்பேன், அவர்கள் வராவிட்டால் எங்கள் இருவருக்கும் வேலை இல்லை.

போன ஆகஸ்டில் வால்வைத் திருப்பியும் பீலி இளைத்தது. ஓடையிலேயே தண்ணீர் இல்லை. ட்ரக்டரில் தண்ணீர்ப் பவுசர் அனுப்பினேன், ஒன்றுவிட்டு ஒரு நாள். மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன். சித்தி குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மேல இன்னும் ரெண்டு தொட்டி இருக்காமே?"

இருக்கிறது. ஒன்றாம், இரண்டாம் அறை. முன்பதிவு தொடங்கினால் முதலில் போவது அவைதான்.