பிஸ்தோயாவில் முழங்காலில் நிற்கும் எலிசபெத்தம்மாள்

இத்தாலிக்குப் போகிற யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரின் வழி பெரும்பாலும் ஒன்றுதான். ரோமில் புனித பேதுரு பேராலயம், பதுவையில் அந்தோனியார், பலேர்மோவில் சொந்தக்காரர் இருந்தால் மலையேறிப் புனித ரொசாலியா. நடுவில் புளோரன்சில் இறங்கினால் பேராலயத்துக்கு முன்னால் நின்று ஒரு படம். பிஸ்தோயா யாருடைய கணக்கிலும் இல்லை. பதுவைக்குப் போகுமுன் ஒரு பகல் மிச்சமிருந்ததால் நான்தான் சின்னம்மாவை அங்கே இழுத்துக்கொண்டு போனேன். புளோரன்சிலிருந்து உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

நாங்கள் தேடிப்போனது சான் ஜொவான்னி ஃபுவோர்சிவித்தாஸ் என்ற பழைய கோயில். பக்கச்சுவர் முழுக்க வெள்ளையும் கரும்பச்சையுமாகப் பளிங்குக் கோடுகள். "என்னடா தம்பி, பிள்ளையார் கோயில் மதில் மாதிரிக் கிடக்கு" என்றார் சின்னம்மா. உண்மைதான், காவி மட்டும்தான் குறை.

உள்ளே ஒரே இருட்டு. கண் பழகிய பிறகுதான் அந்த இரண்டு பெண்களும் தெரிந்தார்கள். மாதா தன் வயதான உறவினர் எலிசபெத்தம்மாளைச் சந்திக்கிற காட்சி. சுவரில் ஒட்டிய புடைப்புச் சிற்பம் இல்லை, தனியாக நிற்கிற முழு உருவங்கள், ஏறக்குறைய ஆளளவு. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை. முதலில் பளிங்கென்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பளிங்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே வாங்கும், இது அப்படியே திருப்பி அனுப்புகிறது. களிமண்ணைச் சுட்டு, மேலே பீங்கான் பூச்சுப் பூசித் திரும்பவும் சுட்டது. செய்தவர் லூக்கா டெல்லா ரோபியா, காலம் 1445ஐ ஒட்டி.

எலிசபெத்தம்மாள் முழங்காலில் நின்று, மாதாவைக் கைகளால் கட்டிக்கொண்டு மேலே பார்க்கிறார். மாதாவோ சின்னப் பெட்டை. குனிந்து, கிழவியின் தோளில் கைவைத்திருக்கிறார். இளம் முகம் வழுவழுவென்றிருக்க, கிழவி முகத்தில் மட்டும் சுருக்கங்கள். பூச்சு கொஞ்சம் தடித்திருந்தாலும் அந்தச் சுருக்கமெல்லாம் மூடுண்டு போயிருக்கும். என்னைக் கேட்டால், இந்த வேலையின் கெட்டித்தனம் முழுக்க அந்த முகத்தில்தான் இருக்கிறது.

சின்னம்மா முன் வாங்கில் இருந்து செபமாலையை எடுத்தார். செபமாலையின் மகிழ்ச்சித் தேவ இரகசியங்களில் இரண்டாவது இந்தச் சந்திப்புத்தான். வெளியே வந்த பிறகு சொன்னார்: "இவ்வளவு காலமும் ரெண்டாம் தேவ இரகசியம் சொல்லேக்கை மாதா வாசலிலை வாறதைத்தான் நினைப்பன். மனிசி முழங்காலிலை நிக்கும் எண்டு நினைக்கேல்லை."

லூக்கா தொடக்கத்தில் களிமண்காரரே இல்லை. புளோரன்ஸ் பேராலயத்துக்கு 1431 முதல் 1438 வரை அவர் செய்த பாடகர் மாடம் முழுப் பளிங்கு. பாடியும் ஆடியும் நிற்கிற பிள்ளைகளைப் பக்கத்து அருங்காட்சியகத்தில் இப்போதும் பார்க்கலாம். பளிங்கிலும் வெண்கலத்திலும் போகிற காலத்தையும் கையில் மிஞ்சுகிற காசையும் கணக்குப் பார்த்துத்தான் களிமண்ணுக்கு மாறினார் என்று 16ஆம் நூற்றாண்டில் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த வசாரி எழுதினார். அந்தப் பூச்சையே லூக்கா கண்டுபிடித்ததாகவும் வசாரி சொல்லிவிட்டார். அது கொஞ்சம் மிகை. ஈயமும் மணலும் சேர்ந்து உருகினால் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு வரும். அதில் வெள்ளீய ஆக்சைட்டைக் கலந்தால் மண்ணின் நிறம் தெரியாத வெள்ளை. இஸ்லாமிய நாட்டுக் குயவர்களுக்கு இது பல நூற்றாண்டுகளாகத் தெரியும். ஸ்பெயின் வழியாக இத்தாலிக்கும் வந்து, சட்டியிலும் தட்டிலும் பூசப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதைப் பெரிய சிற்பத்துக்குக் கொண்டுபோனதுதான் லூக்காவின் வேலை. 1482இல் அவர் இறந்த பிறகு சகோதரரின் மகன் அந்திரேயாவும் அவர் பிள்ளைகளும் பட்டறையை நடத்தினார்கள். புளோரன்சின் அநாதைப் பிள்ளைகள் இல்லத்து முகப்பில், நீலப் பின்னணியில் துணி சுற்றிய வெள்ளைக் குழந்தைகள் இருக்கிறார்களே, அவை அந்திரேயா செய்தவை. 1487 அளவிலிருந்து வெயிலிலும் மழையிலும் வெளியே நிற்கின்றன, நீலம் நீலமாகவே இருக்கிறது. கோபால்ட் நிறம் பூச்சோடு சேர்ந்து உருகிவிடுவதால் உரிவதற்கு ஒன்றுமில்லை.

அதுதான் என் மனதில் நின்றது. எங்கள் கரையோரத்தில் சந்திக்குச் சந்தி நிற்கிற சுருவங்களை, அதாவது மாதா, புனிதர் சிலைகளை, உப்புக்காற்று சும்மா விடுவதில்லை. பெருநாளுக்குக் கொடியேறுமுன் இனாமல் பெயின்ட் அடிப்பார்கள், அடுத்த மாரி முடிய மாதாவின் நீலம் வெளுத்து, விளிம்பில் செதில் கிளம்பும். அப்புறம் அதற்கு மேலேயே இன்னொரு பூச்சு. பல வருடப் பெயின்ட் ஏறி விரல்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போன சுருவங்களும் உண்டு.

ஊருக்குத் திரும்பியதும், குருநகர்ப் பக்கம் சுருவ வேலை செய்கிற அண்ணை ஒருவருக்குப் படங்களைக் காட்டினேன். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பொருத்து எங்கை?"

நாலு துண்டாகச் செய்து சுட்டுப் பொருத்தியது என்றேன். களிமண் சூளையில் சுருங்கும், கனம் ஒரே அளவில்லாவிட்டால் வெடிக்கும், அதனால் உள்ளே குடைந்து எடுத்திருப்பார்கள் என்றும் சொன்னேன். துணி மடிப்பில் கொஞ்ச நேரம் தேடினார்.

"கெட்டிக்காரன்தான். ஆனா நிறம் பிழைச்சால் என்ன செய்யிறது? நான் தின்னர் போட்டுத் துடைப்பன். இவன் சூளைக்குள்ளை கைவிடேலாதே." சிரித்தார். "அதோடை இது இஞ்சை வந்தால் எங்களுக்கு வேலையும் இல்லை."

லூக்காவின் வெள்ளை உருவங்கள் பலவற்றில் கண்ணுக்கும் புருவத்துக்கும் மட்டும் நிறம் வைத்திருப்பதைச் சொன்னபோதுதான் உண்மையில் நிமிர்ந்தார். கண்ணை அவரும் கடைசியில்தான் எழுதுவார், அதுவும் காலை வெளிச்சத்தில். பட்டறை மூலையில் புனித அன்னம்மாள் சுருவம் ஒன்று சுரண்டுவதற்காகக் கிடத்தியிருந்தது. மாதாவுக்கே தாய், முகமோ இருபது வயதுக் குமரி. அண்ணை அதையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, உந்தக் கிழவியின்ரை முகத்தை மட்டும் கிட்ட எடுத்த படம் இருந்தால் வைபரிலை அனுப்பிவிடு. இவவுக்கு ரெண்டு சுருக்கமாவது வைக்கலாமோ எண்டு பங்குச் சுவாமியிட்டைக் கேட்டுப் பாப்பம்."